நாட்டு நாய்க்குட்டிகளுக்கு முதல் எட்டு வாரம்

ஆட்டுப்பட்டிக் காவலுக்காக எங்க வீட்டுல கன்னி நாய் வளர்க்கிறோம். சினைக்காலம் சுமார் 63 நாள். குட்டி போட ஒரு வாரம் இருக்கும்போதே திண்ணை ஓரமா, காத்து அடிக்காத இடத்துல சாக்கு போட்டு, மேல பருத்திச் சேலை விரிச்சிடுவோம்.

முதல் நாள் சீம்பால் எல்லாக் குட்டிக்கும் சேரணும். சவலைக் குட்டி ஒதுங்கிக் கிடக்கும். அதை எடுத்துப் பால் நிறைய உள்ள பின்காம்புல விடணும். ஆனா உடம்பு சில்லுனு இருந்தா முதல்ல சூடேத்துங்க. குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது. இரண்டு வாரம் வரைக்கும் தன் உடம்புச் சூட்டைக் காத்துக்க அதுக்குத் தெரியாது. தினமும் தராசுல வைச்சுப் பாருங்க. எடை ஏறலைன்னா ஏதோ கோளாறு.

கண் திறக்க 10 முதல் 14 நாள் ஆகும். மூணாவது வாரத்துல இருந்து குழந்தைகள் தூக்கிப் பழகட்டும், ஆடு மாடு வாசனையும் பழகட்டும். அப்பவே குழைந்த சோறு, முட்டைன்னு தொடங்கலாம்.

வேப்பிலை அரைச்சுக் கொடுத்தா புழு போயிடும்னு சொல்றாங்க. மாட்டுக்கு மூலிகை வைத்தியம் பண்ற நானே இதை ஒத்துக்க மாட்டேன். இரண்டாவது வாரத்துல இருந்து கால்நடை மருத்துவர் சொல்ற குடற்புழு மருந்துதான். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள்ள பார்வோ தடுப்பூசி, மூணு மாசத்துல வெறிநோய்த் தடுப்பூசி.

எட்டு வாரம் முடியாம குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கிறதில்லை. எப்பவும் சங்கிலியிலேயே கட்டி வைக்கிறவங்களுக்கு, எவ்வளவு விலை சொன்னாலும் கொடுக்கிறதுமில்லை.