மின்கலக் கழிவும் கணினி ஆய்வும்

கையடக்கத் தொலைபேசி முதல் மின்சாரக் கார் வரை இயக்குகின்ற லித்தியம் அயன் மின்கலம் 1991 ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்தது. அதனை உருவாக்கிய விஞ்ஞானிகள் மூவருக்கு 2019 இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால், ஆயுள் முடிந்த மின்கலத்திலிருந்து கோபால்ட்டையும் லித்தியத்தையும் சூழலுக்குக் கேடின்றி மீட்கும் வழி இன்னமும் முழுமையாகக் கைகூடவில்லை.

இன்று பெருமளவில் கையாளப்படும் முறைகள் இரண்டு. உலையிலிட்டு உருக்கினால் எரிபொருள் வீணாவதோடு லித்தியமும் கசடோடு போய்விடுகின்றது. கந்தக அமிலத்தில் கரைத்தால் நச்சுக் கழிவுநீர் எஞ்சுகின்றது. மீட்காமல் விடுவதோ கொங்கோவின் சுரங்கங்களை, அங்கு மண் சுமக்கும் சிறுவர்கள் உட்பட, மேலும் நம்பியிருப்பதாகும்.

இந்நிலையில், 2019 இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமிலத்துக்குப் பதிலாக, கோழித் தீவனத்தில் சேர்க்கப்படும் கோலின் குளோரைட்டையும் வாகனங்களின் குளிர்விப்பானாகப் பயன்படும் எதிலீன் கிளைக்கோலையும் கலந்து, 180 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மின்கலப் பொருளிலிருந்து 90 சதவீதத்துக்கும் மேலான கோபால்ட்டைக் கரைத்துக் காட்டினர்.

இத்தகைய கலவைகளை எண்ணற்ற விதங்களில் தயாரிக்கலாம். எல்லாவற்றையும் ஆய்வுகூடத்தில் காய்ச்சிப் பார்க்க ஓர் ஆயுள் போதாது. இங்கேதான் கணினி உதவிக்கு வருகின்றது. மின்கலத்திலுள்ள கோபால்ட் ஓர் இலத்திரனைப் பெற்றால்தான் இலகுவில் கரையும். எந்த மூலக்கூறு அதனைக் கொடுக்கும், கரைந்த உலோகத்தை எவ்வளவு இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும் என்பதை இலத்திரன் அடர்த்தியைக் கொண்டு கணித்துவிட முடிகின்றது. இக்கணிப்பு முறைக்கு 1960களில் அடித்தளமிட்ட வால்ட்டர் கோன் 1998 இல் நோபல் பரிசு பெற்றவர்.

எனினும் கணினி, கேட்ட கேள்விக்கே விடை தரும். மேற்படி கலவை அதே வெப்பத்தில் சிதைந்து நச்சுப் பொருள்களை வெளியிடுவதாக 2022 இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். எவ்வளவு கரைக்கும் என்று கணிப்பவர்கள் எவ்வளவு காலம் சிதையாதிருக்கும் என்பதையும் சேர்த்தே கணிக்க வேண்டியிருக்கின்றது. 'பசுமை' என்ற பெயரை அவசரப்பட்டுச் சூட்டுவதில் எமக்கு உடன்பாடில்லை.

2031 முதல் புதிய வாகன மின்கலங்களிலுள்ள கோபால்ட்டில் 16 சதவீதம் மீட்கப்பட்டதாக இருக்க வேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் விதித்துள்ளது. வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டபின் எமது நாட்டிலும் மின்சாரக் கார்கள் வந்திறங்குகின்றன. அவற்றின் மின்கலங்கள் பழைய இரும்புக் கடைகளில் உடைபடும் நாள் வருமுன், அவற்றை மீளப் பொறுப்பேற்பது யார் என்பது வாகனப் பதிவின்போதே தீர்மானிக்கப்பட வேண்டும் என நாம் கருதுகின்றோம்.