நினைவு அட்டைக்கு எல்லை ஏன்?

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களுள் பெரும்பாலோர் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோதான் சொந்த ஊர் சென்று திரும்புகின்றனர். அந்தச் சில நாட்களுக்குள் நிகழும் திருமணம், காதணி விழா, கோயில் திருவிழா ஆகியவற்றையும், வீட்டு முதியோரின் முகங்களையும் படமாக்கிக் கொண்டுவருவது நமக்கு வெறும் பொழுதுபோக்கு அன்று. அடுத்த விடுமுறை வரை நம் பிள்ளைகள் தாத்தாவையும் பாட்டியையும் காண்பது அப்படங்களில்தான். அதன் பொருட்டே பணம் சேர்த்து நல்ல காமிரா ஒன்றை வாங்குகிறோம். புதியதன் விலை எட்டாதபோது, தில்லியில் சாந்தினி சௌக்கை அடுத்துள்ள கூச்சா சௌத்ரி சந்தை போன்ற இடங்களில், முன்னாளில் தொழில் வல்லுநர் பயன்படுத்திய உயர்தரக் காமிராவைத் தேடிப் பெறுகிறோம். அதனுடன், இடம் போதாமற் போய்விடக் கூடாதே என்று மிகப் பெரிய நினைவு அட்டை ஒன்றையும் வாங்குகிறோம். அட்டையைச் செருகியதும் காமிரா அதனை ஏற்க மறுக்கிறது. அட்டையிலும் பழுதில்லை, காமிராவிலும் பழுதில்லை. அவ்வாறாயின் காரணம் யாது? அதனையே இங்கு ஆராய்வோம்.

நினைவு அட்டை ஒரு கிடங்கு போன்றது. அதனுள் எண்ணற்ற சிறு அறைகள் உள்ளன. காமிரா ஒரு படத்தை எடுத்தவுடன் அதனைப் பல துண்டுகளாக்கி அறைகளில் வைக்கிறது. எந்தப் படம் எந்த அறைகளில் உள்ளது என்பதனை ஒரு பட்டியலில் குறித்துக்கொள்கிறது. மீண்டும் படத்தைக் காட்டும்போது அப்பட்டியலைப் பார்த்துத்தான் துண்டுகளைத் திரட்டுகிறது. ஆகவே ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண் இன்றியமையாதது. எண் இல்லாத அறை இருந்தும் இல்லாததற்குச் சமம்.

இதனை நாம் நன்கறிந்த அஞ்சல் குறியீட்டைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் நம் நாட்டில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டுக்கு நாம் எழுதும் கடிதங்களில் அந்த எண் 6 என்னும் இலக்கத்தில் தொடங்குகிறது. ஆறு இலக்கங்களைக் கொண்டு எத்தனை வகையாக எழுதினாலும் பத்து இலட்சம் எண்களுக்கு மேல் அமைக்க இயலாது. அதற்கு மேலும் ஊர்கள் தோன்றினால், நிலத்தில் இடம் இருந்தும் அவற்றுக்குத் தர எண் இராது. ஏழாவது இலக்கம் ஒன்றைச் சேர்த்தால் அஞ்சல் ஊழியர் அனைவரும் புதிய முறையைப் பயில வேண்டும். பழைய முறை மட்டும் அறிந்த ஊழியர் ஏழிலக்க எண்ணைக் கண்டால் திகைத்து நிற்பார். பெரிய அட்டையைக் கண்ட பழைய காமிராவின் நிலையும் இதுவே.

காமிரா 0, 1 என்னும் இரண்டே இலக்கங்களைக் கொண்டு எண்ணுகிறது. பதினாறு இடங்களில் இவ்விரண்டையும் மாற்றி மாற்றி எழுதினால் 65,536 எண்கள் கிடைக்கும். தொடக்க காலக் காமிராக்கள் கையாண்ட ஃபேட் 16 என்னும் பட்டியல் முறை இந்தப் பதினாறு இடங்களைக் கொண்டதே. ஓர் அறையின் அளவு வழக்கத்தில் மிகுதியாக 32 கிலோபைட். 65,536 அறைகளை 32 கிலோபைட்டால் பெருக்கினால் 2 ஜிகாபைட் வருகிறது. இம்முறையை மட்டுமே அறிந்த காமிராவில் எவ்வளவு பெரிய அட்டையைச் செருகினாலும், அந்த 2 ஜிகாபைட்டுக்கு அப்பால் உள்ள இடம் அதன் கண்ணுக்குப் புலப்படாது.

அக்காலத்தவர் இவ்வளவு சிறிய எல்லையை ஏன் வகுத்தனர் என்று வியத்தல் வேண்டா. 1991ஆம் ஆண்டு கோடாக் நிறுவனம் தொழில் வல்லுநர்க்கென வெளியிட்ட டி.சி.எஸ். என்னும் காமிராவில் படங்களைச் சேமிக்கும் பகுதி ஒரு தனிப் பெட்டியாக இருந்தது. படம் எடுப்பவர் அதனைத் தோளில் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். அதனுள் இருந்த வட்டின் கொள்ளளவு 200 மெகாபைட். சுருக்கப்படாத படங்கள் 156 அதில் அடங்கின. அந்நாளில் 2 ஜிகாபைட் என்பது அதனைப் போல் பத்து மடங்கு.

இன்று மிகுதியாக வழங்கும் எஸ்.டி. அட்டை 1999இல் அறிவிக்கப்பட்டது. அதன் வரலாறு முழுவதும் இவ்வெல்லையைப் படிப்படியாக நகர்த்திய வரலாறேயாகும். எஸ்.டி. என்று மட்டும் பொறித்த முதல் வகையின் எல்லை 2 ஜிகாபைட். 2006இல் வந்த எஸ்.டி.எச்.சி. வகை ஃபேட் 32 என்னும் பட்டியல் முறையுடன் 32 ஜிகாபைட் வரை சென்றது. 2009இல் அறிவிக்கப்பட்ட எஸ்.டி.எக்ஸ்.சி. வகை எக்ஸ்ஃபேட் என்னும் முறையைக் கைக்கொண்டு எல்லையை 2 டெராபைட்டாக, அதாவது ஏறத்தாழ 2,000 ஜிகாபைட்டாக உயர்த்திற்று. 2018இல் வகுக்கப்பட்ட எஸ்.டி.யு.சி. வகைக்கு எல்லை 128 டெராபைட். இந்நான்கு வகைகளின் முழு அளவு அட்டையும் 32 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. உருவம் ஒன்றாயிருப்பதால் எந்த அட்டையும் எந்தக் காமிராவிலும் நுழைந்துவிடும். நுழைந்ததெல்லாம் வேலை செய்யும் என்று நாம் எண்ணுவதிலிருந்தே குழப்பம் தோன்றுகிறது. புதிய காமிரா பழைய வகை அட்டைகளை ஏற்கும். பழைய காமிரா தனக்குப் பின் வந்த வகையை ஏற்கும் என்பதற்கு உறுதி இல்லை.

தொழில் வல்லுநரின் காமிராக்களில் நெடுங்காலம் கோலோச்சிய காம்பாக்ட்ஃபிளாஷ் அட்டையும் இவ்விதிக்கு விலக்கன்று. 1994இல் தோன்றிய அவ்வட்டையின் அறைகள் 28 இடங்கள் கொண்ட எண்ணால் குறிக்கப்பட்டன. ஓர் அறைக்கு 512 பைட் எனக் கணக்கிட்டால் எல்லை ஏறத்தாழ 137 ஜிகாபைட். 2010இல் வெளியான ஐந்தாம் பதிப்பு விதிகள் 28 இடங்களை 48 ஆக்கின. அதன்பின் அவ்வெல்லை நம் வாழ்நாளில் எவரும் நிரப்ப இயலாத அளவுக்கு விரிந்துவிட்டது.

எல்லை காமிராவின் அறிவில்தான் உள்ளது என்பதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. நிக்கான் நிறுவனம் 2018இல் வெளியிட்ட இசட் 6, இசட் 7 என்னும் காமிராக்கள் முதலில் எக்ஸ்.கியூ.டி. என்னும் அட்டையை மட்டுமே ஏற்றன. அதே உருவம் கொண்ட சி.எஃப்.எக்ஸ்பிரஸ் என்னும் புதுவகை அட்டையை அவற்றுக்குத் தெரியாது. 2019 டிசம்பரில் அந்நிறுவனம் காமிராவின் உட்கட்டளைத் தொகுப்பைப் புதுப்பித்து வழங்கியது. ஒரு திருகாணியும் மாற்றப்படவில்லை. எனினும் அதே காமிராக்கள் புதிய அட்டையை ஏற்கலாயின. ஆதலின் பழைய காமிராவை வாங்கியவர் முதற்கண் செய்யத்தக்கது, அதற்கு இத்தகைய புதுப்பிப்பு உண்டா என்று உற்பத்தியாளரின் இணையதளத்தில் பார்ப்பதாகும். எல்லாக் காமிராக்களுக்கும் இவ்வசதி கிட்டுவதில்லை என்பதையும் நினைவில் கொள்க.

நேயர்களை அடிக்கடி மருட்டும் வேறு இரண்டு செய்திகளையும் இங்கே கூறுதல் தகும். முதலாவது, 64 ஜிகாபைட் என்று விற்கப்பட்ட அட்டையைக் கணினியில் செருகினால் 59.6 என்று காட்டுவது. இது ஏமாற்று அன்று. உற்பத்தியாளர் ஒரு ஜிகாபைட்டை நூறு கோடி பைட் எனக் கொள்கின்றனர். கணினிகள் பலவோ 107,37,41,824 பைட் எனக் கொள்கின்றன. படி ஒன்றே, அளக்கும் மரக்கால் வேறு. இரண்டாவது, நீண்ட சலனப்படம் துண்டு துண்டாகப் பதிவாவது. ஃபேட் 32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டுக்கு மேற்படலாகாது. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஆறு நிமிடம் நிறைவதற்கு முன்பே அவ்வெல்லை வந்துவிடும். காமிரா அக்கோப்பை மூடி அடுத்ததைத் தொடங்கும். ஆதலின் மாங்கல்யதாரணம் ஒரு கோப்பின் நடுவில் அறுபட்டதாகத் தோன்றினால் அஞ்ச வேண்டா. எஞ்சிய பகுதி அடுத்த கோப்பில் இருக்கும். படியெடுக்கும்போது எல்லாக் கோப்புகளையும் சேர்த்தே எடுத்தல் வேண்டும்.

அஞ்சத்தக்கவை வேறு இரண்டு. காமிரா தனக்கு விளங்காத அட்டையைக் கண்டால் அதனை 'ஃபார்மட்' செய்யும்படி சொல்வதுண்டு. ஃபார்மட் என்பது பழைய பட்டியலைத் துடைத்துவிட்டுப் புதிய பட்டியல் எழுதுவது. அட்டையில் முன்பே படங்கள் இருந்து, நாம் அவசரத்தில் இசைந்துவிட்டால் அவை கைநழுவிப் போகும். அத்தகைய வேளையில் அட்டையை வெளியே எடுத்து, கணினியிலோ புதிய காமிராவிலோ செருகிப் பார்த்தலே முறை. ஒருகால் ஃபார்மட் செய்தாயிற்று எனில் அதில் மேலும் ஒரு படமும் எடுத்தலாகாது. பட்டியல் மட்டும் அழிந்து படங்கள் உள்ளே எஞ்சியிருக்கக் கூடும். மீட்டெடுக்கும் நிரல்களால் அவற்றைப் பெறவும் இயலும். புதிய படம் அவற்றின் மீது எழுதப்பட்டுவிட்டால் பின்பு வழியில்லை.

மற்றது போலி அட்டை. உள்ளே சிறிய கிடங்கை வைத்து, வெளியே பெரிய எண்ணைப் பொறித்து விற்போர் உளர். அட்டையின் உள்ளிருக்கும் சில்லே காமிராவுக்குப் பொய்க் கணக்குத் தருமாறு திருத்தப்பட்டிருக்கும். உண்மையான இடம் தீர்ந்த பின்னரும் காமிரா படங்களை எழுதிக்கொண்டே போகும். பின்னர் எடுத்தவை பதியாமற் போகும், அல்லது முன்னர் எடுத்தவற்றை அழிக்கும். திருமண மண்டபத்தில் எவ்விதக் குறிப்பும் தோன்றாது. வீடு திரும்பிய பின்னரே இழப்பு தெரியவரும். வழக்கத்துக்கு மாறான மலிவு விலையே முதல் எச்சரிக்கை. புதிய அட்டை முழுவதையும் ஒருமுறை நிரப்பி, எழுதியது அவ்வாறே திரும்பக் கிடைக்கிறதா என்று சோதிப்பது தக்க காப்பு. இதற்கென இலவச நிரல்கள் உள்ளன.

எனவே அட்டை வாங்கப் புறப்படுமுன் காமிராவின் கையேட்டைப் புரட்டி, அது ஏற்கும் வகையும் மேல் எல்லையும் எவையென அறிந்துகொள்க. எல்லை 32 ஜிகாபைட் எனில் அதனைக் குறையாகக் கருத வேண்டா. ஒரு படம் 50 மெகாபைட் என்று வைத்துக்கொண்டாலும் அதில் அறுநூறு படங்களுக்கு மேல் அடங்கும். ஒரே பெரிய அட்டையைவிட நடுத்தர அளவில் இரண்டு மூன்று அட்டைகள் இருப்பது ஒரு வகையில் நன்மையே. ஒன்று கெட்டாலும் மற்றவை எஞ்சும். உயர்தரக் காமிராக்கள் பலவற்றில் இரண்டு அட்டைகளுக்கு இடம் உண்டு. ஒரே படத்தை இரண்டிலும் பதியச் செய்யலாம். புதிய அட்டையை ஊருக்குப் புறப்படும் நாளன்று பிரிக்காது, ஒரு வாரம் முன்னதாகவே செருகிச் சில படங்கள் எடுத்துப் பார்த்தல் நலம். அட்டை பொருந்தாவிடில் கடையில் மாற்றிக்கொள்ள அப்போது நாள் இருக்கும்.