ஒரே பேர், வேற கார்டு

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வது என் பிழைப்பு. கிராஃபிக்ஸ் கார்டு கேட்டு வரும் தம்பிகள் பெரும்பாலும் பேரோடுதான் வருவார்கள். "அண்ணே, 3060 என்ன ரேட்டு?"

"எந்த 3060?" என்று கேட்டால் முழிப்பார்கள். என்விடியா 2021-ல் இறக்கிய ஆர்டிஎக்ஸ் 3060-ல் 12 ஜிபி மெமரி, 192 பிட் பஸ். மறு வருஷமே அதே பேரில் 8 ஜிபி, 128 பிட் கார்டு ஒன்று வந்தது. பஸ் என்பது சிப்புக்கும் மெமரிக்கும் நடுவிலுள்ள பாதை. ஆறு வழிச் சாலை நாலு வழிச் சாலையானது. பெட்டியில் பேர் மட்டும் மாறவில்லை. 3050-லும் இந்தக் கூத்து உண்டு. 8 ஜிபி கார்டில் 2560 கோர், 2024-ல் வந்த 6 ஜிபி கார்டில் 2304. அதனால் முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டு, பெட்டியைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

அந்த 6 ஜிபி 3050-ஐ நான் முழுக்கத் தள்ளவும் மாட்டேன். அது இழுப்பது 70 வாட். மதர்போர்டு ஸ்லாட்டே 75 வாட் வரை தரும் என்பதால், ஆபீஸில் கழித்துப்போட்ட பழைய டவரில்கூட உட்காரும்.

அடுத்து நான் விசாரிப்பது மானிட்டரை. 1080பி மானிட்டரில் ஏறத்தாழ 21 லட்சம் புள்ளிகள். 1440பி-யில் 37 லட்சம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கார்டு இத்தனையையும் வரைந்தாக வேண்டும். 1080பி, 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை வைத்துக்கொண்டு பெரிய கார்டு வாங்குவது வீண் செலவு. அந்தக் காசில் நல்ல எஸ்.எம்.பி.எஸ்., அதாவது பவர் சப்ளை, வாங்கலாம்.

எஸ்.எம்.பி.எஸ். பற்றி யாரும் கேட்பதே இல்லை. கேபினெட்டோடு இலவசமாக வந்ததில் 450 வாட் என்று ஸ்டிக்கர் இருக்கும். கையில் எடுத்தால் கனமே இருக்காது. 4060 இழுப்பது 115 வாட், இன்டெல் ஆர்க் பி580 இழுப்பது 190. கார்டு கேட்கும் 8 பின் கேபிள் உங்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இல்லையென்றால் கன்வெர்ட்டர் போட்டுச் சமாளிக்காதீர்கள்.

இந்த பி580 விலைக்குத் தரமான சரக்கு. 12 ஜிபி மெமரியோடு 2024 டிசம்பரில் 249 டாலருக்கு வந்தது. ஆனால் ரீசைசபிள் பார் என்ற வசதி பயாஸில் இல்லாத பழைய போர்டில் இதை மாட்டினால் வேகம் நன்றாகவே விழும். இன்டெல் பிராசஸரில் 10-ஆம் தலைமுறைக்கு முந்தியது வைத்திருப்பவர்கள் இதன் பக்கம் போக வேண்டாம்.

செகண்ட் ஹேண்டில் லாபமும் உண்டு, வில்லங்கமும் உண்டு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ காசுக்கான மைனிங் நின்றபோது, ராத்திரி பகலாக ஓடிய கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. கார்டுக்குள் இருக்கும் பயாஸை மாற்றி, பழைய கார்டைப் புதுப் பேரில் காட்டும் ஆட்களும் இருக்கிறார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டுப் பாருங்கள். பல போலிகளை அதுவே காட்டிக்கொடுக்கும். கேம் ஒன்றை அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

இன்று அதிகம் கேட்கப்படும் 5060 டிஐ-யும் 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு விதம். சிப் ஒன்றேதான். 8 ஜிபி நிரம்பிவிட்டால் மீதியை ஸ்லாட் வழியாகக் கம்ப்யூட்டரின் ராமிலிருந்து இழுக்க வேண்டும். படம் திக்கித் திக்கி ஓடும். இந்தக் கார்டு ஸ்லாட்டில் 8 லேனைத்தான் பயன்படுத்துகிறது என்பதால், பிசிஐஇ 3.0 போர்டில் திக்கல் இன்னும் மோசம். 1080பி-யில் செட்டிங்கைக் கொஞ்சம் இறக்கி விளையாடுபவருக்குச் சாதா 5060 போதும். அதற்கு மேல் காசு இருந்தால் 16 ஜிபிக்குப் போங்கள். நடுவில் நிற்கும் 8 ஜிபி டிஐ-யை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.