பெரிய பாலம் அடைபட்டால்

மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியில் ஒருவருக்குக் கடும் சுகவீனம் என்றால் வாகனம் முதலில் மன்னார் ஆஸ்பத்திரிக்கு ஓடும். அங்கிருந்து யாழ்ப்பாணம் அல்லது அனுராதபுரம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினால், பெரிய பாலத்தைக் கடந்துதான் போக வேண்டும். தீவை விட்டு வெளியேற வேறு வீதி இல்லை.

வயிற்றுக்குள்ளும் அப்படியொரு பாலம் உண்டு. ஈரல்வாயினாளம் என்று அதற்குப் பெயர். குடல், இரைப்பை, மண்ணீரல் ஆகியவற்றின் இரத்தம் அதன் வழியாகத்தான் ஈரலுக்குச் சேர்கிறது. அதற்குள் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், பின்னால் வரும் இரத்தம் இரைப்பையின் மேற்பகுதியிலும் உணவுக்குழாயின் அடியிலும் உள்ள மெல்லிய நாளங்களில் புகுந்து வழி தேடும். அவை புடைத்துப் புடைத்து ஒருநாள் வெடிக்கலாம்.

ஈரல் நல்லபடி இருக்கும்போதே இது நடக்கலாம். மதுவே நுழையாத வீட்டில் ஓடியாடித் திரிந்த பிள்ளை திடீரென்று இரத்த வாந்தி எடுத்தால் உம்மாவும் வாப்பாவும் திகைக்காமல் என்ன செய்வார்கள்? பிறந்த நாட்களில் தொப்புள் வழியே ஏறிய கிருமி அடைப்புக்குக் காரணமாகலாம். பல பிள்ளைகளுக்குக் காரணமே தெரிவதில்லை. பெரியவர்களில் சதையி அழற்சி மண்ணீரல் நாளத்தை மட்டும் அடைப்பதுண்டு. அப்போது மண்ணீரலை அகற்றினாலே இரத்தக்கசிவு தீர்ந்துவிடும்.

உணவுக்குழாய் நாளங்களை என்டொஸ்கொப்பி மூலம் றப்பர் வளையம் போட்டுக் கட்டலாம். இரைப்பையின் பருத்த நாளங்களுக்குப் பசைதான் கைகொடுக்கிறது. 1942இல் அமெரிக்காவில் துப்பாக்கிக் குறிக்கண்ணாடி செய்ய முயன்றபோது, தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்று ஒதுக்கப்பட்ட பொருளின் குடும்பம் அது. கடையில் விற்கும் சூப்பர் குளூவும் அதே இனம். ஹம்பர்க் நகர மருத்துவர் நிப் சோஹென்ட்ரா 1986இல் அந்தப் பசையை நாளத்துக்குள் ஊசியால் செலுத்திய முறையை வெளியிட்டார். இரத்தம் பட்டதும் சில விநாடிகளில் அது இறுகிவிடும். ஊசியே உள்ளே ஒட்டிக்கொள்ளும் ஆபத்து இருப்பதால், அயடீன் ஏற்றிய கசகசா எண்ணெயைக் கலந்து இறுகுவதைத் தாமதப்படுத்துவார்கள். அரிதாகப் பசை நழுவி நுரையீரலுக்குப் போவதும் உண்டு. ஆகவே பழகிய கை வேண்டும்.

பசை கசிவைத்தான் நிறுத்தும், அடைப்பை நீக்காது. தகுந்த பிள்ளைகளுக்குக் கழுத்து நாளமொன்றை எடுத்து, அடைப்பைத் தாண்டி ஈரலுக்குப் புதிய பாலம் கட்டும் சத்திரசிகிச்சை 1990களில் வந்தது. அதைவிடச் சிறந்த தீர்வு இந்நோய்க்கு இல்லை என்றே சொல்லலாம்.

உள்ளே கசிந்த இரத்தத்தால் மலம் தார் போலக் கறுத்துப் போகலாம். அப்படிப் போனால் அல்சர் என்று நினைத்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். வலி மாத்திரை எதுவும் போடாமல், விடியும்வரை காத்திராமல், அன்றிரவே மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.