எழுத்தறிவுக்கு அடுத்த படி

கையொப்பமிடக் கற்ற ஒருவர் கல்லூரியையோ தொழிற்பயிற்சிக் கூடத்தையோ எட்டுவது எவ்வாறு? சேலம் ஃபேர்லேண்ட்ஸின் மருத்துவமனைகளிலும் கடைகளிலும் உழைப்போருள், படிப்பை இடையில் விட்டவர்க்கு இது வாழ்க்கை வினா.

1990களில் அறிவொளி இயக்கம் தமிழகத்தில் இலட்சக்கணக்கானோருக்கு எழுத்தைக் கற்பித்தது. 15 வயதைக் கடந்தோர்க்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022இல் தொடங்கியது. எனினும், எழுத்தறிவுச் சான்றிதழை மட்டும் கொண்டு கல்லூரியில் சேர இயலாது.

இவ்விடைவெளியை இணைக்கும் பாலம் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு. பன்னிரண்டரை வயது நிறைந்த எவரும், பள்ளிக்கே சென்றிராதவரும்கூட, அதனை நேரடியாக எழுதலாம். தேறியவர் அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் கம்பியாள், பற்றவைப்பவர் போன்ற பிரிவுகளுக்கு விண்ணப்பிக்கலாம். மேற்படிப்பை நாடுவோர் பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராகவே எழுதலாம். தவறிய பாடத்தை மட்டும் மீண்டும் எழுதினால் போதும் என்பது, பகலெல்லாம் உழைத்து இரவில் படிப்பவர்க்குப் பெரும் ஆறுதல்.

குறுக்குவழியும் ஒன்று இருந்தது. பள்ளிப்படிப்பு இல்லாதவரையும் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் பட்டப்படிப்பில் சேர்த்தன. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் தேறாது பெற்ற அத்தகைய பட்டம் அரசுப்பணிக்கு ஏற்புடையதன்று என 2009இல் தமிழக அரசு ஆணையிட்டது. ஆண்டுக்கணக்கில் படித்தவர்க்கு அது பேரிடி.

ஆகவே, வயதுவந்தோர் வகுப்பின் ஆசிரியர் அகரம் கற்பிக்கும்போதே இப்படிகளின் வரிசையையும் விளக்குதல் வேண்டும். பிறப்புச் சான்றிதழ் உள்ளதா என்றும் முன்னதாகவே கேட்டறிதல் நன்று. பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர் தம் வயதை அதனாலேயே மெய்ப்பிக்க வேண்டும். அதனைத் தேடி அலைவதற்குள் விண்ணப்பிக்கும் நாள் கடந்துவிடுவதும் உண்டு.