அடுத்த கார் பெட்ரோலா, டீசலா? எக்ஸெல்லைக் கேளுங்கள்

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் எக்ஸெல் தொகுப்பைத் திறந்து பார்ப்பதே இல்லை. அது அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர்களுக்கு என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் வீட்டில் ஆறு, ஏழு லட்ச ரூபாயில் ஒரு முடிவு எடுக்க வேண்டிய நேரத்தில் இதைப் போலக் கை கொடுக்கும் சாப்ட்வேர் வேறில்லை.

பலர் வீட்டில் நடப்பதையே எடுத்துக் கொள்வோம். பழையதாக வாங்கிய பெரிய செடான் கார் ஒன்று இருக்கிறது. கரோலா ஆல்டிஸ், ஆக்டேவியா, ஜெட்டா போன்ற எக்ஸிகியூட்டிவ் ரகம். வயதாகிவிட்டது, ஒர்க் ஷாப் பில் ஏறிக் கொண்டே போகிறது. மாற்றிவிட்டு அதே ரகத்தில் இன்னொரு பழைய கார் வாங்கலாம் என முடிவு செய்கிறீர்கள். மைலேஜ் கொட்டும், டீசல் வாங்கப்பா என்கிறான் மகன். பழைய டீசல் வண்டி வேண்டவே வேண்டாம் சார் என்கிறார் மெக்கானிக். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. உங்கள் ஓட்டத்திற்கு யார் சொல்வது பொருந்தும் என்பதுதான் கேள்வி. இதற்குப் பதில் சொல்ல ஓர் ஒர்க் ஷீட் போதும். அரை மணி நேரத்தில் தயாரித்துவிடலாம்.

எக்ஸெல் இல்லை என்றால் கவலை வேண்டாம். லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராம் இலவசமாகக் கிடைக்கிறது. கூகுள் ஷீட்ஸும் இலவசமே. கீழே சொல்லியிருப்பவை மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே செயல்படும்.

ஒர்க் ஷீட் தயாரிப்போம்:

புதிய ஒர்க் ஷீட் ஒன்றைத் திறந்து கொள்ளுங்கள். மேலிருந்து கீழாகச் செல்பவை நெட்டு வரிசைகள். அவற்றிற்கு ஏ, பி, சி என ஆங்கில எழுத்துகள் பெயராக உள்ளன. பக்கவாட்டில் செல்பவை படுக்கை வரிசைகள், அவற்றிற்கு எண்கள். இரண்டும் சந்திக்கும் கட்டம் செல் எனப்படும். பி வரிசையில் இரண்டாவது கட்டம் பி2.

பி1 செல்லில் பெட்ரோல் எனவும், சி1 செல்லில் டீசல் எனவும் டைப் செய்திடவும். பின் ஏ2 செல்லில் தொடங்கி ஒன்றன் கீழ் ஒன்றாக இவற்றை அமைக்கவும்: வாங்கும் விலை, விற்கும் விலை, ஆண்டு சர்வீஸ், பெரிய ரிப்பேர், எரிபொருள் விலை, மைலேஜ், ஆண்டு கி.மீ., எத்தனை ஆண்டு, எரிபொருள் செலவு, மொத்தம், வித்தியாசம். கடைசித் தலைப்பு ஏ12 செல்லில் வந்து நிற்க வேண்டும். இல்லை என்றால் ஏதோ ஒன்று விட்டுப் போயிருக்கிறது.

இனி எண்கள். எண்ணுக்கு முன்னால் ரூ. என்று டைப் செய்திட வேண்டாம். எக்ஸெல் அதை எழுத்து என எடுத்துக் கொண்டு கணக்கில் பிழை காட்டும். கமாவும் வேண்டாம். நாம் எடுத்துக் கொண்டுள்ள மாதிரிக் கணக்கு இது. பெட்ரோல் கார் விலை 6,50,000 ரூபாய், டீசல் கார் 7,40,000 ரூபாய். நான்கு ஆண்டுகள் ஓட்டிவிட்டு விற்றால் பெட்ரோலுக்கு 3,00,000, டீசலுக்கு 3,30,000 கிடைக்கும் எனக் கொள்வோம். ஆண்டு சர்வீஸ் 15,000 மற்றும் 24,000. பெரிய ரிப்பேர் என்ற வரியில் இப்போதைக்கு இரண்டிலும் பூஜ்யம் இருக்கட்டும். எரிபொருள் விலை லிட்டர் 101 மற்றும் 93. மைலேஜ் லிட்டருக்கு 11 மற்றும் 15 கி.மீ. பி8 செல்லில் ஆண்டு கி.மீ. 6000, பி9 செல்லில் 4.

சி8, சி9 செல்களில் எண்ணை டைப் செய்திட வேண்டாம். சி8 செல்லில் சமன் குறியை (=) அமைத்து, பி8 செல்லில் ஒரு கிளிக் செய்து என்டர் தட்டவும். சி9 செல்லில் இதே போல் பி9. இப்போது பெட்ரோல் பக்கம் கிலோ மீட்டரை மாற்றினால் டீசல் பக்கமும் தானாக மாறிக் கொள்ளும்.

அடுத்து பார்முலா. பி10 செல்லில் சமன் குறி அமைக்கவும். பின் பி8 செல்லில் கிளிக் செய்து பெருக்கல் குறி (*), பி9 செல்லில் கிளிக் செய்து வகுத்தல் குறி (/), பி7 செல்லில் கிளிக் செய்து மீண்டும் பெருக்கல் குறி, கடைசியாக பி6 செல்லில் கிளிக் செய்து என்டர். நான்கு ஆண்டுகளுக்கான பெட்ரோல் செலவு 2,20,364 ரூபாய் எனக் கிடைக்கும், பைசாவை விட்டுவிடலாம்.

பி11 செல்லில் மொத்தம். சமன் குறி, பி2, கழித்தல், பி3, கூட்டல், பி4, பெருக்கல், பி9, கூட்டல், பி5, கூட்டல், பி10. எக்ஸெல் பெருக்கலை முதலில் முடித்துவிட்டுத்தான் கூட்டல் கழித்தலுக்கு வரும் என்பதால் அடைப்புக் குறி தேவையில்லை. இப்போது பி10, பி11 இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, தேர்வின் வலது கீழ் மூலையில் தெரியும் சிறிய சதுரத்தை மவுஸால் பிடித்து சி வரிசைக்கு இழுத்து விடவும். டீசலுக்கான பார்முலாக்களை எக்ஸெல்லே எழுதிக் கொள்ளும். கடைசியாக பி12 செல்லில் சமன் குறி, சி11, கழித்தல், பி11.

பி12 செல்லில் 24,436 எனக் கிடைத்ததா? அப்படியானால் ஒர்க் ஷீட் சரியாக அமைந்துவிட்டது. மாதம் 500 கி.மீ. ஓட்டுபவர், டீசல் கார் வாங்கினால் நான்கு ஆண்டுகளில் கூடுதலாக இழப்பது இது. பி8 செல்லில் 12000 கொடுத்துப் பாருங்கள். மைனஸ் 47,127 எனக் காட்டும். அதாவது மாதம் 1,000 கி.மீ. ஓட்டுபவருக்கு டீசலில் அவ்வளவு மிச்சம். கார் அதேதான், விலையும் அதேதான். மாறியது ஓட்டம் மட்டுமே.

எந்த இடத்தில் இரண்டும் சமம்?

இதற்கு எக்ஸெல்லில் கோல் சீக் என்றொரு வசதி உள்ளது. டேட்டா டேபில், வாட் இஃப் அனாலிசிஸ் என்பதில் கிளிக் செய்தால் இது கிடைக்கும். செட் செல் என்ற இடத்தில் பி12, டு வேல்யூ என்பதில் 0, பை சேஞ்சிங் செல் என்பதில் பி8 எனக் கொடுத்து ஓகே கிளிக் செய்திடவும். பி8 செல்லில் 8,049 அளவில் ஓர் எண் வந்து நிற்கும். மாதத்திற்கு 670 கி.மீ. அதற்குக் கீழே என்றால் பெட்ரோல், மேலே என்றால் டீசல். லிப்ரே ஆபீஸ் கால்க்கில் இதே வசதி டூல்ஸ் மெனுவில் உள்ளது. கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்துபவர்கள் பி8 எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி பி12 பூஜ்யத்தை நெருங்கும் வரை பார்த்துக் கொள்ளலாம்.

உங்கள் ஓட்டம் எவ்வளவு என்று குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். பழைய காரின் சர்வீஸ் பில்கள் வீட்டில் இருக்கும். ஒவ்வொன்றிலும் அன்றைய கிலோ மீட்டர் எழுதப்பட்டிருக்கும். ஓராண்டு இடைவெளியில் இரண்டை எடுத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் உண்மையான எண் கிடைத்துவிடும். நாம் வாயால் சொல்லும் எண் பெரும்பாலும் இதைவிட அதிகமாகத்தான் இருக்கும்.

விலை இடைவெளியா, மைலேஜா?

டீசல் மலிவு என்பது பல ஆண்டுகளாக நம் மனதில் பதிந்த எண்ணம். டில்லியில் 2012 மே மாத இறுதியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய் என்ற அளவில் விற்றன. இடைவெளி 32 ரூபாய். டீசல் விலையை அரசு அப்போது கட்டுப்படுத்தி வந்தது. 2014 அக்டோபரில் அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. சென்னையில் 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறைக்கப்பட்ட பின் பெட்ரோல் 101 ரூபாயை ஒட்டியும், டீசல் 92 ரூபாய்க்குச் சற்று மேலாகவும் இருந்தன. நீங்கள் கணக்குப் போடும் அன்று உங்கள் ஊர் பங்க்கில் என்ன விலையோ அதை பி6, சி6 செல்களில் கொடுங்கள்.

ஆனால் ஒரு சோதனை செய்து பாருங்கள். சி6 செல்லில் 93க்குப் பதில் 101 கொடுத்து, அதாவது இரண்டும் ஒரே விலை என வைத்துக் கொண்டு, கோல் சீக் இயக்குங்கள். சமமாகும் இடம் ஆண்டுக்கு 9,802 கி.மீ. என நகரும், அவ்வளவுதான். இப்போது சி6 செல்லை மீண்டும் 93 ஆக்கி, டீசல் மைலேஜை மட்டும் 15லிருந்து 13 ஆகக் குறையுங்கள். சமமாகும் இடம் 11,834 கி.மீ. என ஏறிவிடும். லிட்டருக்கு 8 ரூபாய் இடைவெளியே இல்லாமல் போவதைவிட, மைலேஜ் 2 கி.மீ. குறைவது அதிகம் பாதிக்கிறது. டீசல் காரின் லாபம் இன்று பெருமளவு மைலேஜில்தான் இருக்கிறது. ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்திற்கும் மேல் கூடுதல் ஆற்றல் உள்ளது. டீசல் இஞ்சினின் அழுத்த விகிதமும் அதிகம்.

எனவே விளம்பரத்தில் வந்த மைலேஜை இங்கே அப்படியே கொடுக்கக் கூடாது. அது ஆய்வுக் கூடத்தில் உருளைகள் மேல் காரை ஓட்டி எடுக்கப்பட்ட அளவு. கோயம்பேடு சிக்னல் அங்கே இல்லை. விற்பவரிடம் பெட்ரோல் பங்க் பில் இருந்தால் கேளுங்கள். அதே மாடல் வைத்திருக்கும் தெரிந்தவர் இருந்தால் டேங்க்கை நிரப்பி, கிலோ மீட்டரைக் குறித்து, ஓட்டி, மறுபடியும் நிரப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் பக்கமும் ஒன்று கவனிக்க வேண்டும். இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் பழைய பெட்ரோல் காரில் மைலேஜ் சில சதவீதம் இறங்கும். 11 என்பதை 10.5 ஆக்கியும் ஒரு முறை பாருங்கள்.

மெக்கானிக் சொல்வதையும் ஒரு செல்லில் போடுங்கள்:

பூஜ்யமாக விட்டு வைத்த ஐந்தாவது வரிக்கு இப்போது வருவோம். பழைய டீசல் காரில் டர்போ, இஞ்செக்டர், ஈ.ஜி.ஆர். வால்வு போன்றவை பழுதானால் பில் பெரிதாக வரும். நான்கு ஆண்டுகளில் அப்படி ஒன்று வந்தே தீரும் என்று சொல்ல முடியாது. வராது என்றும் சொல்ல முடியாது. பெட்ரோலுக்கு 20,000, டீசலுக்கு 80,000 என ஒதுக்கிப் பார்ப்போம். எண்கள் நாம் வைத்துக் கொண்டவைதான். உங்கள் மெக்கானிக்கிடம் அந்த மாடலுக்கு விலை கேட்டு மாற்றிக் கொள்ளவும். மைலேஜை மீண்டும் 11, 15 என வைத்து பி8 செல்லில் 12000 கொடுங்கள். முன்பு 47,127 ரூபாய் மிச்சம் காட்டிய அதே இடத்தில் இப்போது 12,873 ரூபாய் நஷ்டம் காட்டும். கோல் சீக் இயக்கினால் சமமாகும் இடம் 13,079 கி.மீ., மாதம் 1,090. மகனும் மெக்கானிக்கும் எந்தப் புள்ளியில் பிரிகிறார்கள் என்பது இந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.

எங்கள் கருத்தைக் கேட்டால், மாதம் 1,200 கி.மீ.க்கு மேல் நிச்சயம் ஓட்டம் உள்ளவர்கள், அதிலும் பாதிக்கு மேல் நெடுஞ்சாலையில் ஓட்டுபவர்கள் மட்டும் பழைய டீசல் காரைப் பார்க்கலாம். மற்றவர்களுக்குப் பெட்ரோலே நிம்மதி. இதற்குக் கணக்கில் வராத ஒரு காரணமும் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதிக்கேற்ப வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உள்ளது. அது சூடேறிக் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்து கொள்ள, கார் இடையிடையே சீரான வேகத்தில் தொடர்ந்து சில நிமிடங்களாவது ஓட வேண்டும். காய்கறிக் கடைக்கும் ரயில் நிலையத்திற்கும் மட்டும் போய் வரும் காரில் அது அடைத்துக் கொள்ளும்.

இணையத்தில் பார்க்க வேண்டியவை:

விற்கும் விலை என்ற மூன்றாவது வரியை எப்படி ஊகிப்பது? பழைய கார் விற்கும் வலைதளம் ஒன்றில், நீங்கள் வாங்க நினைக்கும் அதே மாடலில் நான்கு ஆண்டுகள் மூத்த கார் இன்று என்ன விலைக்குப் போகிறது எனத் தேடுங்கள். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் தனித்தனியே பாருங்கள். கேட்கும் விலையில் கொஞ்சம் குறைத்துக் கொள்ளவும்.

அடுத்து, மத்திய அரசின் பரிவாஹன் வலைதளம். மொபைல் எண் கொடுத்து உள்ளே சென்று, காரின் பதிவு எண்ணைத் தந்தால் பதிவான தேதி, எரிபொருள், எந்த பி.எஸ். விதிக்கு உட்பட்டது, கடன் பாக்கி ஏதும் பதிவாகி உள்ளதா என்ற விவரங்கள் கிடைக்கும். ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் நிறுவனங்கள் பி.எஸ்.6 வந்தபோது இந்தியாவில் டீசல் கார்களை நிறுத்தின. ஆகவே டீசல் ஆக்டேவியா, ஜெட்டா என வருபவை எல்லாம் 2020க்கு முந்திய பி.எஸ்.4 அல்லது அதற்கும் பழைய வண்டிகளாகவே இருக்கும். அவர் சொல்லும் ஆண்டும் இணையம் சொல்லும் ஆண்டும் ஒன்றா எனப் பார்த்துக் கொள்ளுங்கள்.

பதிவு எண் டில்லியில் தொடங்கினால் இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது. அங்கே பத்து ஆண்டுகள் கடந்த டீசல் வாகனங்களை ஓட்டத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015ல் தடை விதித்தது. உச்ச நீதிமன்றம் 2018ல் அதை உறுதி செய்தது. 2025ல் பிரச்னை மீண்டும் அதே நீதிமன்றத்திற்கு வந்தது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு பத்தாண்டு விதி இல்லை என்பதால் அந்தக் கார்கள் மலிவு விலையில் இங்கே வந்து நிற்கின்றன. அப்படி ஒன்றை வாங்குவதானால் அங்கிருந்து தடையின்மைச் சான்று வந்துவிட்டதா எனப் பாருங்கள். இங்கே மறுபதிவு செய்யவும் சாலை வரி கட்டவும் ஆகும் தொகையை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, சி2 செல்லில் உள்ள விலையுடன் சேர்த்துவிட்டு, பி12 என்ன சொல்கிறது எனப் பாருங்கள்.