நாம் அறியாத குளவிகள்

மலையகத்தில் குளவி என்றாலே அச்சந்தான். கொழுந்து பறிக்கச் சென்ற பெண்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டதாகப் பதுளை, பசறைப் பக்கங்களிலிருந்து செய்திகள் வந்த வண்ணமே உள்ளன. (கொட்டுவன பெரும்பாலும் மலைத்தேனீக்களே என்பது வேறு விடயம்.) ஆனால், எவரையும் கொட்டாது பயிரைக் காக்கும் மிகச் சிறிய குளவிகளும் உண்டு. அவை பற்றி நாம் பேசுவதேயில்லை.

இவ்வொட்டுண்ணிக் குளவிகள் பிற பூச்சிகளின் உடலினுள் முட்டையிடுவன. முட்டையிலிருந்து வெளிவரும் புழு, தான் குடியிருக்கும் பூச்சியையே உணவாக்கி வளர்கிறது. எனினும் எல்லாப் பூச்சிகளையும் இவை நாடுவதில்லை. கோவாவைத் தாக்கும் அழுக்கணவனைத் தேடும் 'டயரெட்டியெல்லா ராப்பே' என்ற குளவி உலகெங்கும் பரவியுள்ளது. கடுகுக் குடும்பத் தாவரங்களின் காரமான வாசனையே அதற்கு வழிகாட்டி. ஒரேவகை அழுக்கணவன் கோவா இனப் பயிரில் இருக்கையில் கூடுதலாகவும், பீட்ரூட்டில் இருக்கையில் குறைவாகவும் இக்குளவிக்கு இரையாவதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1970இல் எடுத்துக்காட்டினர். குளவி முதலில் தெரிவு செய்வது பூச்சியையன்று, பயிரையே எனலாம்.

இத்தெரிவின் பெறுமதியை நமது தேயிலைத் தோட்டங்களே உலகுக்கு உணர்த்தின. கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கைத் தேயிலையைப் பெரிதும் வருத்தியது, இலைகளை நூலால் பிணைத்து உள்ளே மறைந்து தின்னும் 'ஹொமோனா' புழுவாகும். அதன் முட்டைக் குவியல்களைக் கையால் பொறுக்கியெடுத்தும் தீரவில்லை. 1935-36 காலப்பகுதியில் ஜாவாவிலிருந்து 'மக்ரோசென்ட்ரஸ் ஹொமோனே' என்ற குளவி கொண்டுவரப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்டது. அது இந்தப் புழுவையே நாடிச்சென்றது. சில ஆண்டுகளில் புழுவின் தொல்லை வெகுவாகத் தணிந்தது.

பின்னர் நிகழ்ந்ததே கவலைக்குரியது. தேயிலைத் தண்டைத் துளைக்கும் சிறு வண்டை ஒழிக்கவென 1950களிலும் 60களிலும் டில்ட்ரின் என்ற நஞ்சு தெளிக்கப்பட்டது. நீண்டகாலம் செடியில் தங்கிநிற்கும் அந்நஞ்சு, இலை இலையாகப் புழுவைத் தேடித் திரிந்த குளவியைக் கொன்றது. சுருட்டிய இலைக்குள் இருந்த புழுவோ தப்பியது. வண்டுக்கு மருந்தடித்த தோட்டங்களில், அடங்கிக்கிடந்த இலைப்புழு மீண்டும் பெருகியது. ஒரு பீடைக்கு மருந்திட்டு இன்னொரு பீடையை விலைகொடுத்து வாங்கிய கதைதான் இது. டில்ட்ரின், 2001ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையால் விலக்கப்பட்ட நஞ்சுகளுள் ஒன்றாயிற்று. அந்நஞ்சைத் தெளித்தவர்களின் உடல்நலத்துக்கு அது என்ன செய்தது என்ற கேள்வியும் இங்கு எழாமலில்லை.

2021இல் இரசாயன உரத்தையும் பீடைநாசினிகளையும் ஒரே நாளில் நிறுத்த முற்பட்டு, அதே ஆண்டிலேயே பின்வாங்கியது அரசாங்கம். குளவிகள் பெருகக் காலம் வேண்டும், அவற்றை இனங்காணும் அறிவும் வேண்டும் என்பதை அன்று எவரும் விவசாயிக்குச் சொல்லவில்லை.

வெலிமடை, பண்டாரவளை மரக்கறித் தோட்டங்களில் கோவா இலையின் அடிப்புறத்தைப் புரட்டிப் பாருங்கள். உப்பிப்போய், வைக்கோல் நிறத்தில், அசையாது ஒட்டியிருக்கும் அழுக்கணவன்கள் தென்பட்டால் அவை குளவி குடிகொண்டவை. முதுகில் வட்டத் துளை இருப்பின் குளவி வெளியேறிவிட்டது. துளை இல்லையெனில் அது பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது. அத்தகையவை நிறைந்த பாத்திக்கு அன்றே மருந்தடிக்க அவசரப்பட வேண்டியதில்லை.